உள்ளங்கால் மச்சமும் பத்து மடங்கு லென்ஸும்

உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் கடந்து போகிற யோகம் என்று எங்கள் குமரிப் பக்கத்தில் சொல்வார்கள். குளச்சல், தேங்காப்பட்டணம், மார்த்தாண்டம் என்று எங்கே போனாலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு கிடையாது. அதனால் இந்தப் பேச்சுக்குச் சாட்சி கிடைப்பதும் எளிது. என் மாமாவின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே மேடு தட்டியிருக்கும் இடத்தில், மிளகு அளவில் ஒரு மச்சம் உண்டு. அவர் மஸ்கட்டில் 19 வருடம் வேலை பார்த்தவர். அந்த மச்சத்தை வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் பார்த்திருக்கிறோம். அதை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தது மாமியின் மூக்கு.

மாமிக்கு மூக்கின் இடது பக்கம், கண்ணாடியின் சின்ன ரப்பர் வந்து உட்காரும் இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. மச்சம் என்றுதான் நினைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக மேடு தட்டியது. துவர்த்தால் முகம் துடைக்கும்போது சில நாள் ஒரு சொட்டு ரத்தம் வரும், காய்ந்து பொருக்கு கட்டும், பொருக்கு உதிரும், திரும்பவும் வரும். "கண்ணாடி உரசுது மக்களே" என்று சொல்லிச் சொல்லியே நான்கு வருடம் போய்விட்டது. இடையில் ஓர் இடத்தில் மரு என்று சொல்லிச் சூடு வைத்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எட்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. அப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனோம். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து மாமியின் மூக்கில் வைத்து அரை நிமிடம் பார்த்தார். "இது மச்சம் இல்லம்மா" என்றார்.

அந்தக் கருவியின் பெயர் டெர்மாஸ்கோப். பார்க்க, டார்ச் விளக்கோடு சேர்ந்த பூதக்கண்ணாடி மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. சில ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு லட்சத்தைத் தாண்டியும் விலை போகிறது. இதை வைத்துத் தோலைப் பார்க்கும் முறைக்கு டெர்மாஸ்கோபி என்று பெயர். தோல் புற்றை ஆரம்பத்திலேயே பிடிக்க இவ்வளவு சின்னக் கருவி எப்படி உதவுகிறது, குமரி மாவட்டத்துக்காரர்களான நாம் அதை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். இரண்டாவது கேள்வி எனக்கு முக்கியம். ஏனென்றால் தோல் புற்று பற்றி நாம் கேள்விப்படும் பெரும்பாலான செய்தி வெள்ளைத் தோலுக்காக எழுதப்பட்டது.

பெரிதாக்கிக் காட்டுவது மட்டும் என்றால் நகைக்கடை லென்ஸே போதும். டெர்மாஸ்கோப்பின் சூட்சுமம் வெளிச்சத்தில் இருக்கிறது. தோலின் மேலடுக்கு, செத்த செல்கள் சொரசொரப்பாகப் படிந்த ஒரு படலம். அதன் மேல் படும் வெளிச்சத்தில் ஒரு பங்கு அங்கேயே தெறித்துத் திரும்பிவிடுகிறது. அந்தப் பளபளப்பு கீழே இருப்பதை மறைத்துவிடும். டீக்கடையில் பழம்பொரியைப் பத்திரிகைத் துண்டில் வைத்துத் தருவார்கள் அல்லவா, எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் தாளின் பின்பக்க எழுத்து தெரியும். நாருக்கும் நாருக்கும் நடுவே இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்வதால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது. வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1. தோலின் மேலடுக்குக்கு சுமார் 1.55. எண்ணெயோ ஜெல்லோ இரண்டுக்கும் நடுவில் வந்து, தோலுக்குப் பக்கமாக நிற்கிறது. ஒரு சொட்டு விட்டு அதன்மேல் கண்ணாடித் தகட்டை அழுத்தினால் தோல் அந்தப் பத்திரிகைத் தாள் போல ஆகிவிடும். மேல்தோலும், அதற்குக் கீழே உள்தோலின் மேல்பகுதியும் கண்ணுக்கு வந்துவிடும். இப்போது வரும் கருவிகள் பலவற்றில் எண்ணெய்கூட வேண்டாம். வெயிலில் கடல்மேல் மின்னும் ஒளியை வெட்டும் போலராய்டு கூலிங்கிளாஸைப் போல, தெறிக்கும் வெளிச்சத்தைத் தடுக்கும் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது.

இப்படிப் பார்க்கும்போது நிறம் என்பது ஆழத்தைச் சொல்லும் அளவுகோலாகிவிடுகிறது. தோலுக்கு நிறம் தரும் பொருள் மெலனின். அது மேலடுக்கிலேயே இருந்தால் கறுப்பாகத் தெரியும். மேல்தோலின் அடிப்பகுதியில் இருந்தால் பழுப்பு. உள்தோலுக்குள் இறங்கிவிட்டால் சாம்பல். இன்னும் கீழே போனால் நீலம். பொருள் ஒன்றுதான், வெளிச்சம் எவ்வளவு தோலைக் கடந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். கை நரம்பு நீலமாகத் தெரிவதும் ஏறத்தாழ இதே காரணத்தால்தான். அதனால் ஒரு மச்சத்தில் நீலமும் வெள்ளையும் கலந்து பனி மூடியது போல ஒரு திட்டு தெரிந்தால் தோல் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1920-களின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் எழுதிய யோஹான் ஸாஃபியர் என்ற மருத்துவர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1971-ல் ஸ்காட்லாந்தின் ரோனா மெக்கீ, மச்சத்தை வெட்டும் முன்பே நல்லதா கெட்டதா என்று பிரிக்க இது உதவும் என்று காட்டினார். 1987-ல் வியன்னா குழு ஒன்று, எந்த உருவம் தெரிந்தால் என்ன பொருள் என்று ஒரு வாசிப்பு முறையை வகுத்தது. அதன் பிறகு வேகமாகப் பரவியது.

மாமியின் மூக்கை டாக்டர் என்னையும் பார்க்கச் சொன்னார். வெளியே உளுந்து அளவில் ஒரு கறுப்புக் கட்டி, அவ்வளவுதான். லென்ஸுக்குள் அது வேறு ஊர். பளிச்சென்ற சிவப்பில் ரத்தக்குழாய்கள், அடியில் தடித்து மேலே போகப் போகக் கிளை பிரிந்து, இலை உதிர்ந்த வாகை மரத்தை அண்ணாந்து பார்ப்பது போல இருந்தன. அவற்றுக்கு நடுவே சாம்பல் நீலத்தில் முட்டை முட்டையாகத் திட்டுகள். ஓரத்தில் பழுப்பில் விரல் விரித்தது போல ஒரு வடிவம். பாடநூலில் அதை மேப்பிள் இலை என்று எழுதியிருக்கிறார்கள் என்றார் டாக்டர். எனக்கு மரச்சீனி, அதாவது மரவள்ளி, இலைதான் ஞாபகம் வந்தது. மேப்பிள் இலையும் அப்படித்தான் விரல் விரித்திருக்கும் என்பதால் குமரியில் படிக்கும் மருத்துவ மாணவர்கள் தாராளமாக மரச்சீனி இலை என்றே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கிளை பிரிந்த குழாய், நீலத் திட்டு, இலை வடிவம் ஆகியவை பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றின் அடையாளங்கள். உலகில் அதிகம் பேருக்கு வரும் தோல் புற்று இது. உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். மூக்கோரத்தில் வந்தால் கண்ணை நோக்கி நகரலாம். வெள்ளையருக்கு இது முத்துப் போலப் பளபளக்கும் இளஞ்சிவப்புக் கட்டியாக வரும். நமக்குப் பெரும்பாலும் கறுப்பாகவே வரும். மச்சம் என்று நினைத்து விட்டுவிடுவதற்கு அதுதான் காரணம். வயதானவர்களின் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புப் பொட்டுகள் நிறைய வருமே, அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் செய்யாதவை. அந்தக் கூட்டத்துக்குள் இது ஒளிந்துகொள்ளும். சாதாரணப் பொட்டில் லென்ஸ் வைத்தால் வெள்ளைக் குருணைகளும் அடைபட்ட துளைகளும் மடிப்பு மடிப்பாகத் தெரியும். கிளை பிரிந்த ரத்தக்குழாய் இருக்காது. அரை நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

சூடு வைத்து எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. மருவுக்குச் சுண்ணாம்பு வைப்பது, குதிரை முடி கட்டுவது, கோயிலிலோ குருசடியிலோ உப்பும் மிளகும் போடுவது எல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தவைதான். நேர்ச்சையில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. உப்பும் மிளகும் போட்டுவிட்டு டாக்டரிடமும் காட்டலாம். ஆனால் சுண்ணாம்பும் சூட்டுக்கோலும் தடயத்தை அழித்துவிடுகின்றன. மேலே வெந்து ஆறிவிடும். கீழே வேர் இருக்கும். அடுத்து பார்க்கும் டாக்டருக்கு லென்ஸில் தழும்புதான் தெரியும். முகத்திலிருந்தோ காலிலிருந்தோ எதையாவது எடுப்பதாக இருந்தால், எடுக்கும் முன் லென்ஸ் வைத்துப் பார்க்கவும், சந்தேகம் இருந்தால் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவும் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. மாமியின் நான்கு வருடத்தில் கடைசி ஒரு வருடத்தையாவது இந்தக் கேள்வி மிச்சம் பிடித்திருக்கும்.

இனி உள்ளங்காலுக்கு வருகிறேன்.

தோல் புற்றுகளில் உயிரை எடுக்கக்கூடியது மெலனோமா. நிறம் தரும் செல்களிலேயே உருவாகும் புற்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 35-க்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழே. காரணம் நம் கறுப்பு. 1979-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கறுப்பினத்தவரின் மேல்தோல் தானாகவே சுமார் 13 எஸ்.பி.எஃப். (வெயில் கிரீம்களில் போட்டிருக்கும் காப்பு அளவு) அளவுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுப்பதாகவும் வெள்ளையரின் தோல் 3 அளவுக்கே தடுப்பதாகவும் கணக்கிட்டது. நாம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறோம். நாள் முழுக்கக் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் நிற்கும் முட்டத்துக்காரருக்கும், புத்தளத்து உப்பளத்தில் கண் கூசும் வெள்ளைக்கு நடுவே வேலை செய்பவருக்கும் முதுகில் மெலனோமா வருவது அபூர்வமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் அந்தக் காப்பு உதவாத இடங்கள் உடம்பில் உண்டு: உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடி. இந்த இடங்களில் வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது. மற்ற மெலனோமாக்கள் நமக்கு அரிது என்பதால், நமக்கு வருவதில் பெரும்பங்கு காலில் வந்து நிற்கிறது. நடக்கும்போது எடை அழுத்தும் இடங்களில்தான் அதிகம் தோன்றுகிறது என்று 2016-ல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள்.

அப்புறம் ஒரு வருத்தமான கணக்கு. மெலனோமாவில் ஆயுளைத் தீர்மானிப்பது அகலத்தைவிட ஆழம். 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர் காட்டியது இது. 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனில், பரவாத நிலையில் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடத்தைத் தாண்டி நலமாக இருக்கிறார்கள். நெறிகட்டி, ஈரல், நுரையீரல் என்று பரவியபின் நிலைமை தலைகீழ். காலில் வருவதைக் கால் ஆணி, முள் குத்தியது, ரத்தக்கட்டு, செருப்புக் கடி என்று நினைத்தே நாம் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவிட்டுவிடுகிறோம்.

இங்கேதான் டெர்மாஸ்கோப் தன் முழு பலத்தையும் காட்டுகிறது. ரேஷன் கடையில் விரல் வைத்து அழுத்துகிறோமே, அந்த ரேகை உள்ளங்காலிலும் உண்டு. உழுத வயலைப் போல ஒரு மேடு, ஒரு சால், மறுபடி மேடு. மேடுகள் அகலம்; சால்கள் ஒடுக்கம். மேட்டின் உச்சியில் வியர்வைத் துளைகள் வரிசையாக, லென்ஸில் வெள்ளை மணி கோத்தது போலத் தெரியும். அந்த மணிகள் இருக்கும் வரியே மேடு. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் சாலில்தான் ஓடும்: வாய்க்காலில் தண்ணீர் நிற்பது போல மெல்லிய பழுப்புக் கோடுகள். மெலனோமாவின் நிறமோ ஆரம்பத்திலேயே மேட்டில் படியும். அகலமான பட்டைகளாக, மணிகளைச் சுற்றிக்கொண்டு. மெலனோமாவாக மாறும் செல்கள், மேட்டுக்கு அடியில் வியர்வைக் குழாய் இறங்கும் இடத்தை ஒட்டிப் பெருகுவதே இதற்குக் காரணம்.

சாலில் கோடு இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, மேட்டில் பட்டை இருந்தால் உடனே சதைப் பரிசோதனை. இவ்வளவு எளிய விதி மருத்துவத்தில் அதிகம் கிடையாது. ஜப்பானின் தோஷியாகி சைதாவும் அவருடைய குழுவும் 2004-ல் 712 மச்சங்களையும் மெலனோமாக்களையும் பார்த்து எழுதிய கணக்கில், மேட்டுப் பட்டை மெலனோமாக்களில் சுமார் 86 சதவீதத்தில் இருந்தது. மெலனோமா அல்லாதவற்றில் 99 சதவீதத்தில் அது இல்லை. நல்ல அடையாளங்கள் எதுவும் தெளிவாக இல்லாமல் 7 மில்லிமீட்டரைத் தாண்டிய புள்ளி என்றால் சதை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்பது அவர்கள் வகுத்த இன்னொரு விதி. எது மேடு, எது சால் என்று குழப்பம் வந்தால் பவுண்டன் பேனா மையைத் தடவித் துடைப்பார்கள். மை சாலில் தங்கிவிடும். நிறம் மையோடு சேர்ந்து ஓடுகிறதா, மைக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் மாவட்டத்துக் கால்களையும் கைகளையும் பார்க்கும் டாக்டருக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். பனையேறுபவரின் பாதம் பட்டறைத் தோல் போலத் தடித்திருக்கும். அந்தத் தடிப்புக்குள் ரத்தம் கசிந்து உறைந்தால் கன்னங்கறுப்பாகத் தெரியும்; லென்ஸில் அது சிவப்பும் கறுப்பும் கலந்த கூழாங்கற்கள் போல இருக்கும், பிளேடால் மெல்லச் சுரண்டினால் வந்துவிடும். மெலனோமா சுரண்டினால் வராது. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைக்கும் அக்காமாரின் கையில் முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டு வெந்து கறுத்திருக்கும். தலைமுடிச் சாயம் கையில் ஒட்டினாலும் அப்படித்தான். சாயக்கறை சில நேரம் மேட்டிலேயே படிந்து மெலனோமா மாதிரியே ஏமாற்றும் என்பதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் என்ன வேலை, கையில் என்ன படும் என்பதை நாமாகவே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கறை தோல் உரியும்போது போய்விடும். போகாதது வேறு ஏதோ.

நகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு நம்மைப் போன்ற நிறக்காரர்களுக்குச் சாதாரணம். பல விரல்களில் மெல்லிசாக இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. வயது வந்த ஒருவருக்கு ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, 3 மில்லிமீட்டரைத் தாண்டி, அடியில் அகன்று நுனியில் ஒடுங்கி, நகக்கண்ணைத் தாண்டித் தோலிலும் நிறம் வழிந்தால் ஒத்திப்போடக் கூடாது. தோலில் வழியும் அந்த நிறத்துக்கு ஹட்சின்சன் அடையாளம் என்று பெயர். 1886-ல் ஜோனதன் ஹட்சின்சன் இதைக் கறுத்த நகச்சுத்து என்றே எழுதினார். நகச்சுத்து என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்ளும் நமக்கு அந்தப் பெயர் நன்றாகப் புரியும்.

எங்கள் கடற்கரை ஊர்களில் பந்து விளையாடாத பையன் கிடையாது. பந்து பட்டோ ஆள் மிதித்தோ பெருவிரல் நகம் கறுப்பதும் வழக்கம்தான். பாடகர் பாப் மார்லிக்கும் கால் விரல் நகத்தடியில் வந்ததை முதலில் கால்பந்தில் பட்ட அடி என்றுதான் நினைத்தார்கள். 1977-ல் அது மெலனோமா என்று தெரிந்தது. 1981 மே 11-ல் 36 வயதில் இறந்துபோனார். ரத்தக்கட்டு என்றால் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். அடியில் புது நகம் வெளுப்பாக வரும். கால் பெருவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால் மாதம் ஒரு படம் எடுத்து வைத்தால் நகர்கிறதா என்று தெரியும். லென்ஸில் ரத்தம் ஊதாவும் கறுப்புமாக உருண்டை உருண்டையாக, ஓரம் வெட்டியது போலத் தெரியும். மெலனோமா கோடுகள் ஒன்றுக்கொன்று அகலமும் நிறமும் மாறி, இணையாக ஓடாமல் குழம்பிக் கிடக்கும்.

லென்ஸ் கையில் இருந்தால் போதுமா? போதாது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2018 ஆய்வுத் தொகுப்பு, நேரில் பார்க்கும்போது வெறும் கண் 100 மெலனோமாவில் 76-ஐப் பிடிக்கும் நிலையில், டெர்மாஸ்கோப்போடு பார்த்தால் 92-ஐப் பிடிக்கலாம் என்று கணக்கிட்டது. நல்லதைக் கெட்டது என்று தவறாகச் சொல்லும் அளவு இரண்டிலும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. ஆனால் 1995-லேயே வியன்னாவில் ஒரு சோதனை செய்தார்கள்: பயிற்சி இல்லாத தோல் மருத்துவர்களுக்கு இந்தக் கருவியால் கணிப்பு கூடவில்லை, குறைந்தது. முன்பு பார்த்திராத விவரம் கண்ணில் கொட்டும்போது பழக்கமில்லாதவர் குழம்பிப்போகிறார். கருவி வாங்குவதோடு மருத்துவர்களுக்குப் பயிற்சியும் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மேடு–சால் விதி ஒன்றை மட்டும் நன்றாகப் படித்துக்கொண்டாலே குலசேகரத்துக் குன்றிலும் இரவிபுத்தன்துறைக் கரையிலும் எத்தனையோ கால்கள் நேரத்தோடு டவுனுக்கு வந்துவிடும்.

போனில் படம் எடுத்தால் புற்றா இல்லையா என்று சொல்லும் செயலிகளை நம்பிவிடாதீர்கள். அவற்றைப் பழக்கப் பயன்பட்ட படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். 2018-ல் வெளிவந்து உலகெங்கும் பயன்படும் ஒரு பெரிய தொகுப்பில் 10,015 படங்கள் உண்டு. எல்லாம் ஆஸ்திரியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்தவை. மாமாவின் உள்ளங்காலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

லென்ஸுக்கு வேலையே இல்லாத இடங்களும் உண்டு. பல வருடத் தீக்காயத் தழும்பிலோ, நெடுநாள் ஆறாத புண்ணிலோ திடீரென்று ஓரம் தடித்து, சதை பூத்து, வாடை அடித்தால் அங்கே நேராகச் சதைப் பரிசோதனைதான். மார்ஜோலின் புண் என்று சொல்லப்படும் புற்று இப்படித்தான் தொடங்கும். வேட்டியும் பாவாடை நாடாவும் இறுகி இறுகி இடுப்பில் கறுத்துத் தடித்த வரையில் புண் வந்து ஆறாமல் நின்றாலும் அப்படியே. 1945-லேயே கனோல்கர், சூர்யபாய் என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் இதை வேட்டிப் புற்று என்று எழுதியிருக்கிறார்கள். கைலி முடிச்சையும் நாடாவையும் தினமும் ஒரே வரையில் இறுக்காமல் சற்று மாற்றிக் கட்டுவதும், பட்டையான நாடா போடுவதும் செலவில்லாத வழி. பிறவியிலேயே நிறமி இல்லாத வெண்ணிறத் தோல்காரர்களின் கதை வேறு. அவர்களுக்கு வெயில்தான் எதிரி. சின்ன வயதிலிருந்தே தொப்பி, முழுக்கை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோல் டாக்டர் என்று இருக்க வேண்டும்.

கடற்கரையில் இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது மணலைப் பற்றிக் கேட்பார்கள். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமமும் அதற்குள் கதிர்வீசும் தோரியமும் இருப்பது 1909-லிருந்து தெரிந்த விஷயம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே போன்ற மணல் கரையில் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்று கூடியதாகக் காணவில்லை. அது நம் கரையில் செய்த ஆய்வு அல்ல. மக்களின் கேள்வியை அதைக் காட்டி வாயடைப்பதும் நியாயமில்லை. ஆனால் மணலைப் பற்றிய கவலை, காலில் இருக்கும் புள்ளியைப் பார்க்காமல் இருக்கக் காரணமாகிவிடக் கூடாது. மணல் கேள்விக்குப் பதில் வரும் வரை அந்தப் புள்ளி காத்திருக்காது.

நாகர்கோவிலிலிருந்து காலையில் திருவனந்தபுரம் போகும் ரயிலில் பிளாஸ்டிக் உறைக்குள் ரிப்போர்ட்டும் ஸ்கேன் படமுமாக உட்கார்ந்திருப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே இருக்கும் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள். அந்த ரயிலில் ஏறுவதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அது ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவாகவோ, பக்கத்து ஊர் தோல் டாக்டராகவோ இருக்கலாம். முகத்தில் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், ரத்தம் கசிந்து பொருக்கு கட்டும் மச்சம், காலில் புதிதாக வந்த அல்லது பெருகுகிற கறுப்பு, ஒற்றை நகத்துக் கோடு என்று ஏதாவது ஒன்று இருந்தால் போய், "லென்ஸ் வெச்சுப் பாருங்க டாக்டர்" என்று கேட்கலாம். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மாமிக்கு அறுவை சிகிச்சை செய்து அந்தக் கட்டியை ஓரம் விட்டு வெட்டி எடுத்து, பக்கத்துத் தோலையே இழுத்துத் தைத்தார்கள். பேசல் செல் கார்சினோமாதான் என்றும் ஓரங்களில் மிச்சம் இல்லை என்றும் ரிப்போர்ட் வந்தது. தையல் பிரிக்கப் போன அன்று மாமாவும் கூட வந்திருந்தார். கிளம்பும் நேரத்தில் மாமி திரும்பி, "இவியளுக்கக் காலையும் ஒண்ணு பாத்திரும் டாக்டரே" என்றார். மாமாவுக்குச் சங்கடம். "அது யோகத்துக்குள்ள மச்சமாக்கும், ஜனிச்சப்பவே உள்ளது" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, காலை ஸ்டூலில் வைத்து, ஈரத் துணியால் துடைத்து, ஒரு சொட்டு ஜெல் விட்டார். இந்தத் தடவையும் என்னைப் பார்க்கச் சொன்னார். பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், சாலிலேயே ஓடின. மேட்டில் வெள்ளை மணிகள் மட்டும் தனியாக நின்றன. ஸ்கேல் வைத்து அளந்தார், 5 மில்லிமீட்டர். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பெரிதானாலோ ஓரம் கலைந்தாலோ வாருங்கள் என்றார்.

அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்ததும் மாமா கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டுவார். மாமி ஸ்கேலைப் பிடிப்பார், நான் போனில் படம் எடுப்பேன். போன மாதமும் 5 மில்லிமீட்டர்தான்.